திருவருகை ஞாயிறு: மீண்டும் ஆலயத்தில் கூடுவோம்

அன்பான சபையாருக்கு இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

2020 மார்ச் ஊரடங்கில் ஆலயம் மூடப்பட்டபோது கைபேசி வழியே ஆராதித்தது அப்போதைய தேவை. ஆனால் அந்த செப்டம்பரிலேயே கதவு திறந்த பின்னும் சில குடும்பங்கள் இன்னும் திரும்பவில்லை. பிரசங்கத்தைத் திரையில் கேட்கலாம், திருவிருந்தின் அப்பத்தைத் திரை தராது. சபை கூடிவருதலை விட்டுவிடலாகாது என்று எபிரெயர் 10:25 அறிவுறுத்துவதும் ஒருவரையொருவர் தேற்றுவதற்காகவே. இடப்புறம் மூன்றாம் பெஞ்சில் அமரும் பாட்டியம்மா, பக்கத்து இடத்தில் இன்றும் ஒரு ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைக்கிறார்.

நாள்: நவம்பர் 29, 2026, ஞாயிறு. திருவிருந்து ஆராதனை காலை 8.00 மணி.

1. வராதிருக்கும் ஒரு குடும்பத்தையாவது நேரில் சென்று அழையுங்கள்; குறுஞ்செய்தி மட்டும் போதாது.
2. "ஏன் வரவில்லை?" என்று கேட்க வேண்டாம். (அந்தக் கேள்விக்குப் பயந்தே வராதவர்கள் உண்டு.)
3. நடக்க இயலாத முதியோருக்கு ஆட்டோ ஏற்பாடு உண்டு, தேவைப்படுவோர் தெரிவிக்கவும்.
4. ஆராதனை முடிந்ததும் காலை உணவு உண்டு. இருந்து சாப்பிட்டுச் செல்லவும்.

உங்கள் வீட்டிலிருந்தும் அழைத்த வீட்டிலிருந்தும் எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை வெள்ளி மாலை 6 மணிக்குள் இக்குழுவிலேயே பதிவிடுங்கள்.

சபைச் செயலர்