தற்காலிகப் பல் அடைப்பும் கேப்பும்: வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளிக்கு வீடுகளில் முறுக்கும் அதிரசமும் சுடத் தொடங்கியதும், வேலூர், காட்பாடிப் பக்கத்துப் பல் மருத்துவமனைகளுக்கு ‘சிமெண்ட் விழுந்துவிட்டது’, ‘கேப் கழன்றுவிட்டது’ என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். சிமெண்ட் என்று அவர்கள் சொல்வது பல்லில் வைத்த தற்காலிக அடைப்பை. கேப் என்பது பல்லின்மேல் மாட்டும் உறை; நிரந்தர உறை தயாராகும்வரை தற்காலிகமாக ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அப்படி வருகிறவர்களைப் பற்றிக்கூட எங்களுக்குக் கவலையில்லை. விழுந்தும் வராமல் இருந்துவிடுகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறோம்.

வேர் சிகிச்சைக்கு (ரூட் கெனால்) இடையில் வைக்கும் வெள்ளை அடைப்பு, பல்லுக்குள் எச்சில் இறங்காமல் காப்பதற்கானது. இரண்டு, மூன்று வாரம்தான் அதை நம்பலாம். அதற்குமேல் தேய்ந்து ஓரம் விட்டுவிடும். எச்சிலோடு கிருமியும் இறங்கி, சுத்தம் செய்த வேர்க்குழாய் மறுபடி கெடும். நரம்பை எடுத்துவிட்ட பல் என்பதால் வலி தெரியாது. வலி நின்றபின் பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூரிலிருந்தோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தப் பல் உள்ளே குடைந்து வலுவிழந்திருப்பது. கேப் போடாமல் அதிலேயே கடித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் வேர்வரை பிளந்துவிடும். அப்படிப் பிளந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர பெரும்பாலும் வேறு வழி இருப்பதில்லை.

அடைப்பு வைத்த முதல் ஒரு மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது. பரவலாக வைக்கப்படும் ஒருவகை அடைப்பு எச்சிலின் ஈரத்தில்தான் மெல்ல இறுகும். மரப்பு ஊசி போட்டிருந்தால் உதடு உணர்வு திரும்பும்வரை சூடான காபி, டீயும் வேண்டாம். சுடுவதும் தெரியாது, கன்னத்தைக் கடித்துக்கொள்வதும் தெரியாது. உணர்வு வந்தபின் வாயை மூடிப் பாருங்கள். அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். மறுநாளே போய்ச் சொன்னால் லேசாகத் தேய்த்துவிடுவார்கள். விட்டால் பல்லைத் தாங்கும் சவ்வு நொந்து, கடிக்கும்போதெல்லாம் வலிக்கும்.

சாப்பாட்டை மறுபக்கத்தில் மெல்லுங்கள். கடலை மிட்டாய், அல்வா, சூயிங்கம் ஒட்டி இழுத்துவிடும். முறுக்கு, தட்டை, கரும்பு, பிரியாணி எலும்பு உடைத்துவிடும். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களி இந்த நாட்களுக்கு நல்ல சாப்பாடு, ஆறியபின் சாப்பிட்டால் போதும்.

பயந்துகொண்டு அந்தப் பல்லை மட்டும் துலக்காமல் விடுவது தவறு. அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். நிரந்தர கேப் ஒட்டும் நாளில் அந்த ரத்தத்தால் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. மென்மையான பிரஷ்ஷால் ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கித் துலக்குங்கள். பல்லிடுக்கில் நூல் விடும் பழக்கம் இருந்தால், நூலைப் பக்கவாட்டில் உருவி எடுங்கள். மேலே தூக்கினால் கேப்பும் கூடவே வரும். ஈறு நொந்திருந்தால் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கும் வழக்கம் இங்கே நிறைய. அது ஈறைப் புண்ணாக்கும். சிலவகைத் தற்காலிகக் கேப்பை இளக வைத்துவிடும்.

கேப் கழன்றால் தூக்கி எறியாதீர்கள். கழுவும்போது கீழே ஒரு கிண்ணத்தை வையுங்கள், இல்லையென்றால் சாக்கடையில் போய்விடும். உட்புறம் ஒட்டியிருக்கும் சிமெண்ட் துணுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, முதலில் எதுவும் தடவாமல் பல்லில் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்து, வாய் பழையபடி மூடினால், உள்ளே கொஞ்சம் வாசலினோ மெடிக்கலில் கிடைக்கும் பல்செட் பசையோ தடவி வைத்து, சுத்தமான துணியை மடித்து மெதுவாகக் கடித்துக்கொள்ளுங்கள். இது மருத்துவரிடம் போகும்வரைதான். தூங்கும்போது கழற்றி டப்பியில் வையுங்கள். தூக்கத்தில் மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது. சரியாக உட்காராவிட்டால் அழுத்தாதீர்கள், அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபெவிக்விக் போன்ற பசையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ஈரத்தில் பட்டதும் சூடாகி இறுகி ஈறைப் பொசுக்கும். கோணலாக ஒட்டிக்கொண்டால் கேப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஓரிரு நாளுக்குள் போய்விடுவது நல்லது. கேப் இல்லாத இடத்தில் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும்; அளவெடுத்துச் செய்த நிரந்தர கேப் அப்புறம் உட்காராது. முகம் வீங்கினால், சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கழன்ற கேப் தொண்டைக்குள் போய் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான்.

பல் மருத்துவர்களுக்கும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாற்காலியில் வாய் மரத்துப்போய்ச் சாய்ந்திருக்கும்போது சொல்வது யாருக்கும் மனதில் நிற்பதில்லை. ‘இது தற்காலிக அடைப்பு, வலி இல்லாவிட்டாலும் இந்தத் தேதிக்குள் வரவும்’ என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதி, தேதியும் மருத்துவமனைத் தொலைபேசி எண்ணும் போட்டு, கூட வந்தவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவ உதவியாளர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.