கடலடி எரிவாயு வருமானத்தில் கரைக்கு என்ன பங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு எடுப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பவளப்பாறைகளுக்கும் மீன்வளத்துக்கும் உள்ள ஆபத்தைத் தெளிவாகச் சொன்னது. ஆனால், ‘வருமானம் வரும், வேலை வரும்’ என்ற எதிர்த்தரப்பு வாதத்தை ஆராயாமலே விட்டுவிட்டது. யாருக்கு வருமானம், எத்தனை நாளைக்கு வேலை என்று கணக்குப் பார்க்கக் ஆந்திரக் கடலோரத்துக் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் அனுபவம் நம் முன்னால் இருக்கிறது.

முதலில் சட்டம். நிலத்தில் எண்ணெய் எடுத்தால் ராயல்டி, அதாவது எடுத்த வளத்தின் மதிப்பில் நிறுவனம் அரசுக்குக் கட்டும் பங்கு, மாநில அரசுக்குப் போகிறது. அசாமும் குஜராத்தும் பல ஆண்டுகளாகப் பெறுகின்றன. கடலில் எடுத்தால் ஒரு ரூபாய்கூட மாநிலத்துக்கு இல்லை. அரசியலமைப்பின் 297ஆவது பிரிவு, கடலடிக் கனிமம் முழுவதையும் ஒன்றியத்திடம் ஒப்படைக்கிறது. 12 கடல்மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதே தண்ணீருக்கு அடியில் இருக்கும் வாயு ஒன்றியத்தின் சொத்து.

சரி, ஒன்றிய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு வழியாகவாவது திரும்பி வராதா என்று கேட்கலாம். வராது. ராயல்டியும் லாபப் பங்கும் வரியல்லாத வருவாய். மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்பில் வரிகள் மட்டுமே சேரும். நிறுவனம் கட்டும் வருமான வரி அந்தத் தொகுப்பில் சேரும் என்றாலும், அது எல்லா மாநிலங்களுக்கும் பிரியும். நிலக்கரி, இரும்புத்தாது எடுக்கும் மாவட்டங்களுக்கு 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி கிடைக்கிறது. அந்தச் சட்டம் பெட்ரோலியத்தைத் தொடவில்லை.

ராயல்டி விகிதமும் கவனிக்க வேண்டியது. ஒன்றிய அரசின் 2016ஆம் ஆண்டு எண்ணெய், எரிவாயுக் கொள்கைப்படி, 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழ்கடலில் வணிக உற்பத்தி தொடங்கி முதல் ஏழு ஆண்டுகளுக்கு ராயல்டியே கிடையாது. அதன்பின் 5 சதவீதம்; 1,500 மீட்டரைத் தாண்டினால் 2 சதவீதம். ஏழு ஆண்டு என்பது ஆழ்கடல் வயலின் ஆயுளில் சிறிய காலம் அல்ல. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் உள்ள கேஜி–டி6 பகுதியின் முக்கிய வயல்களில் 2009 ஏப்ரலில் வாயு வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கனமீட்டர் என்பது திட்டம். 2010இல் 6 கோடியைத் தாண்டியதோடு சரி. பிறகு அடியிலிருந்து தண்ணீரும் மணலும் கிணறுகளுக்குள் ஏற, அழுத்தம் விழுந்து, ஏழாம் ஆண்டில் உச்சத்தின் சிறு பகுதியே மிஞ்சியது. 2020 பிப்ரவரியில் அந்த வயல்கள் மூடப்பட்டன. இன்றைய விகிதம் அன்று இருந்திருந்தால், நல்ல ஆண்டுகள் அத்தனையும் ராயல்டி இல்லாமலே கழிந்திருக்கும்.

அந்த வீழ்ச்சி கடலோடு நிற்கவில்லை. வாயு வரும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய மின்நிலையங்கள் முடங்கின. 2015இல் நாடு முழுவதும் சுமார் 14,300 மெகாவாட் திறன் உள்நாட்டு வாயு கிடைக்காமல் கிடந்தது. அவற்றில் பல ஆந்திரத்தில் இருந்தவை. அதே படுகையில் குஜராத் அரசின் ஜிஎஸ்பிசி நிறுவனம், 20 டிரில்லியன் கனஅடி வாயு இருப்பதாக 2005இல் அறிவிக்கப்பட்ட வயலில் இறங்கியது. உயர் அழுத்தம், உயர் வெப்பம், வாயுவை எளிதில் விடாத இறுகிய பாறை. சுமார் 20,000 கோடி ரூபாய் கடனில் நிறுவனம் சிக்கியது. 2017இல் வயலின் 80 சதவீதத்தை ஒன்றியப் பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு விற்றது. மாநில அரசே பணம் போட்டுப் பங்காளி ஆகலாம் என்று யோசனை சொல்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் படிக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு பற்றி. ஒரு துளையிடும் கப்பலில் 150 முதல் 200 பேர் இருப்பார்கள். பெரும்பாலும் பல நாடுகள் சுற்றிய தேர்ந்த பணியாளர்கள், கப்பலோடு வந்து கப்பலோடு போவார்கள். உற்பத்தி தொடங்கியபின் கிணற்றின் வால்வுகள் கடலடியிலேயே இருக்கும். கரையிலிருந்தே அவற்றை இயக்குவார்கள். உள்ளூருக்குக் கிடைப்பது குழாய் பதிக்கும் காலத்துக் கூலி, சரக்குப் படகு, காவல், சமையல். வாயுவும் அங்கே தங்குவதில்லை: காக்கிநாடா அருகே காடிமொகாவில் கரையேறி, சுமார் 1,400 கிலோமீட்டர் குழாயில் குஜராத்தின் பரூச் வரை போகிறது.

மீனவர் இழப்பீட்டில் என்ன நடந்தது? கோதாவரிக் கடலோரம் மும்மிடிவரம் பகுதியில், 2012இல் நடந்த துளையிடலுக்காகக் குடும்பத்துக்கு மாதம் 6,750 ரூபாய் வீதம் 13 மாதத்துக்கு முடிவானது. 6 மாதத்துக்கு மட்டும் வந்தது. மீதி 47,250 ரூபாயை 2019இல் ஆந்திர அரசே முதலில் எடுத்துக் கொடுத்தது. பின்னர் வேறொரு குழாய்ப் பணிக்காக 23,458 குடும்பங்களுக்கு மாதம் 11,500 ரூபாய், நான்கு மாதத்துக்கு. இரண்டுமே போராடியும் பேரம் பேசியும் பெற்ற தொகைகள். சட்டம் வகுத்துக் கொடுத்தவை அல்ல.

வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் நிறைவேறிய சட்டப்படி, மெக்சிகோ வளைகுடாவின் குறிப்பிட்ட குத்தகைகளில் வரும் வருவாயில் 37.5 சதவீதம் டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களுக்குப் போகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு நேராகக் கடலோர உள்ளாட்சிகளுக்கு. கடலடி உரிமை இன்றும் கூட்டரசிடமே. நார்வேயின் பெட்ரோலியச் சட்டத்தில் மீனவர் இழப்பீட்டுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு: மீன்பிடி இடத்தை மறித்தால் அரசு பொறுப்பு, எண்ணெய் கசிந்தாலோ கழிவு வலையைக் கிழித்தாலோ நிறுவனம் பொறுப்பு, தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை.

நம் நாடாளுமன்றமும் 297ஐத் திருத்தாமலே பகிர்வுச் சட்டம் இயற்றலாம். காவிரிப் படுகை நிலங்களில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டம் கடலுக்குப் பொருந்தாது என்பதால், மாநில அரசு வலியுறுத்த வேண்டிய இடம் டெல்லிதான்.

அதுவரை மாநிலம் தானே செய்யக்கூடியது ஒன்று உண்டு. துளையிடுமுன் கடலடியில் வாயு இருக்கிறதா என்று தேடும் நில அதிர்வு ஆய்வுக் கப்பல் பல கிலோமீட்டர் நீளக் கேபிள்களை இழுத்துவரும். வழியில் உள்ள படகுகளும் வலைகளும் விலக்கப்படும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆய்வை வைத்துக்கொள்ளலாம் என்பது தீர்வாகாது: அது மீன்களின் இனப்பெருக்கக் காலம், நாட்டுப்படகுகள் அப்போதும் தொழிலில் இருக்கும். ஆகவே, கப்பல் வருமுன்பே இறங்குதளம்வாரியாக மூன்று ஆண்டு மீன்வரத்து, படகுப் பதிவு, டீசல் மானியப் பதிவேடு ஆகியவற்றைச் சேர்த்து பின்னால் இழப்பீடு கேட்க ஆதாரமாக மீன்வளத்துறை அடிப்படைக் கணக்கு எடுத்து வைக்க வேண்டும். படகு உரிமையாளரோடு கூலிக்குப் போகும் தொழிலாளியும், கருவாடு போடும், மீன் விற்கும் பெண்களும் அதில் பெயர் பெற வேண்டும். மும்மிடிவரத்தில் மீதித் தொகைக்கு ஏழு ஆண்டு ஆனது. ராமநாதபுரத்திலும் கன்னியாகுமரியிலும் இந்தக் கணக்கை இப்போதே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்