குளக்கட்டில தூண்டில் போடுற ஆக்களுக்கு அவசர அறிவித்தல்

எல்லாருக்கும் வணக்கம். லீவு தொடங்கினாப் பிறகு கிளிநொச்சிக் குளத்தடியில பின்னேரத்தில தூண்டிலோட நிக்கிற ஆக்கள் கூடிட்டினம், பொழுதுபோக்கு நல்லது தான், ஆனா குளத்து மீன் ஆருமில்லாத சொத்தில்லை, அரசாங்கத்தின்ர மீன்வளர்ப்பு அதிகாரசபை நெக்டா குஞ்சு விட, மீன்பிடிச் சங்கத்து ஆக்கள் காவல் நிண்டு வளர்க்கிற மீன், அவையின்ர அடுப்பு எரியிறதே அதால தான்.

வாற ஞாயிறு பின்னேரம் 4.30க்கு குளக்கட்டடியில சங்கத்தோட கதைக்கிறம். கட்டாயம் வாங்கோ.

1. தூண்டில் போட முதல் சங்கத்திட்ட கேளுங்கோ, லைசன்ஸ் விசயத்தை மாவட்ட மீன்பிடி ஒஃபீசில விசாரியுங்கோ.
2. தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) வேண்டாம். டைனமைட், நஞ்சு 1996ம் ஆண்டு 2ம் இலக்க மீன்பிடிச் சட்டப்படி குற்றம், வழக்கு வரும்.
3. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர பொறுப்பு. அங்க தூண்டிலோட போகவே போகாதேங்கோ.
4. துருசு (தண்ணி திறந்து விடுற கதவு), வான் (மிஞ்சின தண்ணி வழியிற இடம்) பக்கம் நிக்கக்கூடாது. சின்னப்பிள்ளையளைத் தனிய விடாதேங்கோ, வன்னிக் குளங்களில முதலை இருக்கு எண்டு உங்களுக்கே தெரியும்.
5. அறுந்த தூண்டில் நரம்பு, தூண்டில் முள்ளு எல்லாம் வீட்ட கொண்டு போங்கோ, கொக்கு நாரையின்ர கால்ல சிக்கினா அது செத்துப்போம்.
6. சின்ன மீன், சினை விரால் பட்டா திருப்பி விடுங்கோ, இது நான் கெஞ்சிக் கேக்கிறது.

வாற ஆக்கள் வெள்ளி இரவுக்குள்ள 'வாறன்' எண்டு பேரோட போடுங்கோ. தூண்டில் வச்சிருக்கிற பிள்ளையளின்ர அம்மா அப்பா வராட்டியும் வாசிச்சிட்டன் எண்டாவது ஒரு பதில் போடுங்கோ.