ஜன்னல் திறக்குமா?

ஆசிரியருக்கு,

கொரோனாவால் மூடிய பள்ளிகளை மீண்டும் திறப்பது பற்றிய செய்தி படித்தேன். நான்காம் வகுப்பு படிக்கும் மகனைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. கொரோனா குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாகத்தான் வருகிறது. அவனோடு ஒரே அறையில் தூங்கும், சர்க்கரை நோயுள்ள என் மாமியாரை நினைத்தால்தான் பயம்.

பள்ளியில் கேட்டால் கிருமிநாசினி, வெப்பமானி என்கிறார்கள். சரி, அறிகுறியே இல்லாமல் பரப்புகிறவரை வெப்பமானி எப்படிக் காட்டும்? காற்றில் பரவும் நோய் இது. ஜன்னல்கள் திறக்குமா, ஒரு வகுப்பறையில் எத்தனை பேர், முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடுவது எங்கே? பதில் இல்லை.

அதற்காக வீட்டிலேயே வைத்திருக்கவும் மனமில்லை. கைப்பேசி வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு விளையாடுகிறான். ஏழாம் வாய்ப்பாடு மறந்தே போச்சு (தலைகீழாகச் சொல்வான் முன்பு!). திறந்த ஜன்னல், பாதிப் பிள்ளைகள் என்று பள்ளி எழுதிக் கொடுக்கட்டும், நாளைக்கே அனுப்புகிறேன்.

- ஒரு தாய்