சார் வீட்ல நான் பாத்தது

கண்ணா,

பணக்காரங்க தினமும் என்னதான்ப்பா பண்றாங்க, 20 வருஷமா நீ அவங்க வண்டிய ஓட்டிட்டு கூடவே தானே இருக்கேன்னு போன வாரம் போன்ல கேட்டியே, அப்ப சிக்னல்ல நின்னுட்டிருந்தேன், சரியா பேச முடியல. இப்ப சார் கிளப்புக்குள்ள போயிருக்காரு, பார்க்கிங்ல உக்காந்து டைப் பண்றேன்.

காலைல அஞ்சரைக்கு நம்ம பெங்களூர் சாங்கி டேங்க் ஏரிக்கரைல வாக்கிங், எட்டுக்கு ரெண்டு இட்லி, ராத்திரி பத்துக்கு படுத்துருவாரு. எல்லாம் நெசம்தான். ஆனா சீக்கிரம் எந்திரிச்சதால பணம் வந்துச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாத. உங்கம்மா அல்சூர்ல தண்ணி புடிக்க நாலு மணிக்கே எந்திரிச்சவ. சாருக்கு சதாசிவ நகர்ல அவங்கப்பா விட்டுட்டுப் போன இடம் இருந்துச்சு, சமைக்க ஒரு ஆளு, தொவைக்க ஒரு ஆளு, வண்டி ஓட்ட நான், அதான் அவருக்கு நடக்க நேரம் கெடைக்குது. இத மறந்துட்டு உன்னய நீயே சோம்பேறின்னு திட்டிக்காத.

ஆனா ஒண்ணு கத்துக்கணும்டா. கார்டு பில் வந்தா சார் பின்சீட்ல பேப்பர மடில வச்சு பென்சில்ல ஒவ்வொரு வரியா டிக் போடுவாரு. ஒருதடவ ஏதோ ஆப்புக்கு 49 ரூபா போயிருக்குன்னு ஹெப்பால்ல ஆரம்பிச்சு ஏர்போர்ட் வர்ற வரைக்கும் பேங்க்காரங்ககிட்ட பேசினாரு, கோவமே படல, விடவும் இல்ல. பில்ல முழுசா கட்டிருவாரு, மினிமம் மட்டும் கட்டுற பழக்கமே கெடையாது.

நீ மினிமம் தான் கட்டுறேன்னு அக்கா சொன்னா. கட்டாத பாக்கிக்கு மாசம் மூணரை பர்சென்ட்னா அது மூணரை ரூபா வட்டிடா! உங்க தாத்தா கிருஷ்ணகிரில ரெண்டு ரூபா வட்டிக்கு வாங்கித்தான் நெலமே போச்சு.

இதுல கார் வேற புக் பண்ணப் போறேங்குற. சார் வண்டி 2014 இன்னோவா, டயரும் ஆயிலும் மட்டும் கரெக்டா மாத்திருவோம். அமெரிக்கால வாரன் பஃபெட்னு ஒரு பெரிய பணக்காரர் 1958ல 31,500 டாலருக்கு வாங்கின வீட்லயே தான் இன்னும் இருக்காராம், சார் தான் சொன்னாரு. எல்லாரும் இப்படின்னு சொல்லல, இதே பார்க்கிங்ல கோடி ரூபா வண்டி ஓட்டுற பையனுக்கு ரெண்டு மாசமா சம்பளம் வரல, இப்பதான் சொல்லிட்டுப் போறான்.

அட்வான்ஸ் கட்டிராத. கார்டு ஸ்டேட்மென்ட் மூணு மாசத்தோடது வாட்ஸ்அப்ல அனுப்பு. ஞாயித்துக்கெழம எனக்கு டூட்டி இல்ல, நானும் பென்சில் எடுத்து வைக்கிறேன், வரி வரியா பாக்கலாம்.

சார் வர்றாரு, வச்சிர்றேன்.

அப்பா