வயிற்றெரிவை மாதக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வயிற்றெரிவு வந்தால் பாமசியில் ஒமெப்பிரசோல் என்ற, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவது எங்கள் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அம்மாத்திரை இரைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளையும் தற்காலிகமாகத் தணித்து, நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தக்கூடும். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்புதல், காரணமில்லாத மெலிவு, கறுப்பு மலம், ஓயாத வாந்தி, விழுங்கச் சிரமம் இருந்தால், தயவுசெய்து உடனே வைத்தியரிடம் போங்கள். வாய்வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனைக்குப் பயப்படவே வேண்டாம்.

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமியே முக்கிய காரணி. 1994இலேயே அது புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்பட்டது. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. அன்ரிபயோற்றிக் மருந்துகளால் கிருமியை அழிக்கலாம். புகைத்தலும் உப்பிட்ட உணவும் ஆபத்தைக் கூட்டும். கருவாட்டுப் பிரியர்கள் அளவோடு உண்பது நல்லது.

யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை கிடைக்கிறது. இதைக் கிராமந்தோறும் சுகாதாரப் பணிமனைகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாசகர்,
சுன்னாகம்.