யோயோகி: பூங்காவுக்கு முன் கவாத்து மைதானம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஜப்பான் பயணக் கட்டுரையில் டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்கு நாலு வரி கொடுத்திருந்தீர்கள். செர்ரிப் பூ, புல்வெளியில் சாப்பாடு, கிதார் வாசிக்கும் இளைஞர்கள். சரி, எல்லாம் உண்மைதான். ஆனால் '1964 ஒலிம்பிக்குக்காக உருவாக்கிய பூங்கா' என்று போட்டிருப்பது சரியில்லை. டோக்கியோவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த நிலம் 1909 முதல் ஜப்பான் ராணுவத்தின் கவாத்து மைதானம். புத்தாண்டில் பேரரசர் முன்னிலையில் அணிவகுப்பும் அங்கேதான் நடந்தது. ஷிபுயா மாதிரி நெரிசலான இடத்தை ஒட்டி 54 ஹெக்டேர், அதாவது 130 ஏக்கருக்கு மேல், கட்டடம் முளைக்காமல் தப்பியதற்கு ராணுவம் வளைத்துப் போட்டதுதான் முதல் காரணம். கேட்க நன்றாக இல்லைதான், என்ன செய்ய!

ஜப்பானில் முதன்முதலாக விமானம் பறந்ததும் இதே மண்ணில்தான். 1910 டிசம்பர் 19 அன்று, ஷோகன் (ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்கள்) பரம்பரையில் வந்த கேப்டன் தொகுகாவா யோஷிதோஷி, பிரான்சிலிருந்து வாங்கி வந்த ஃபார்மன் விமானத்தில் சுமார் மூன்று நிமிடம் பறந்தார். அன்றே கேப்டன் ஹினோ குமாசோவும் ஜெர்மனியில் வாங்கிய இன்னொரு விமானத்தில் பறந்தார். இருவருக்கும் பூங்காவுக்குள் சிலை இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அந்தப் பக்கம் போகவில்லை போலும்.

சிலை வைக்காத கதையும் உண்டு. 1936 பிப்ரவரியில் ராணுவ இளம் அதிகாரிகள் சிலர் படையைத் திரட்டி அமைச்சர்களைக் கொன்று ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். பிடிபட்டவர்களில் 15 பேரை ஜூலை 12 அன்று மைதானத்தை ஒட்டியிருந்த ராணுவச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சத்தம் வெளியே தனியாகக் கேட்டுவிடக் கூடாதென்று, அதே நேரத்தில் மைதானத்தில் வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டுப் 'பயிற்சி' நடத்தினார்கள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது வழக்கமான கவாத்துச் சத்தம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இதே மைதானத்தில் அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்காக 'வாஷிங்டன் ஹைட்ஸ்' என்ற குடியிருப்பு எழுந்தது. சுமார் 800 வீடுகள், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. அமெரிக்கர்கள் நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்த வீடுகளே ஒலிம்பிக் கிராமம் ஆயின. நெதர்லாந்து வீரர்கள் தங்கிய வீட்டை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். பூங்கா திறந்தது அதற்கெல்லாம் அப்புறம், 1967 அக்டோபரில்.

இன்று பக்கத்துத் திடலில் 'நமஸ்தே இந்தியா' விழா நடக்கும்போது நம்மவர்களும் குடும்பத்தோடு கூடுகிறார்கள். அவர்களில் பலருக்கும் இந்தக் கதை தெரியாது. அடுத்த முறை ஜப்பான் கட்டுரை போடும்போது, பூ பூக்கும் தேதிக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டோக்கியோ